பல்லக்கு வரும் நாளில் ஷட்டர் ஏன் இறங்குகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சித்ரா பௌர்ணமி அன்று ஊரே பஜாரில் கூடுகிறது, நீங்கள் மட்டும் மதியத்தோடு கடையை மூடிவிடுகிறீர்களே, வியாபாரம் வேண்டாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். காட்பாடியிலிருந்தும் பாகாயத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, இறங்கிக் கிடக்கும் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்குக் கோபமும் இருக்கும். கல்லாவில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் நம் வேலூர் லாங்கு பஜாரிலும் மண்டித் தெருப் பக்கமும் வருஷம் முழுக்க என்னென்ன நடக்கிறது, அந்த நாட்களில் நம் கடை எப்படி இயங்கும், மளிகைக்கும் பூஜைச் சாமானுக்கும் எப்போது வந்தால் நல்லது என்பதை எல்லாம் இந்த மடலில் எழுதிவிடுகிறோம். விஷயம் இவ்வளவுதான்: வாங்க வேண்டியதை விழாவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விழா அன்று பை எதுவும் இல்லாமல் கைவீசிக்கொண்டு வாருங்கள்.

முதலில் பூப்பல்லக்கு. சித்திரைப் பௌர்ணமி இரவு, கோட்டை ஜலகண்டேசுவரர் உட்பட ஊரின் பல கோயில்களிலிருந்து சாமிகள் பூவால் மூடிய பல்லக்குகளில் பஜாருக்கு வருவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று, அந்தப் பல்லக்குகளுக்குப் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தெருக்களின் வியாபாரிகள் என்பது. அரிசிக்காரர்கள், வெல்ல மண்டிக்காரர்கள், காய்கறிக்காரர்கள் என்று தொழிலுக்குத் தொழில் சேர்ந்து வசூல் போட்டு, ஆளுக்கொரு பல்லக்கை எடுத்துச் செய்வார்கள். யார் பல்லக்கில் பூ அடர்த்தி, யாருடைய மேளம் நின்று வாசித்தது, யார் விளக்குக்கு ஜெனரேட்டர் மக்கர் செய்தது என்ற வழக்கு ஒரு வாரம் டீக்கடையில் ஓடும். மற்ற நாளில் கால் ரூபாய்க்குச் சண்டை போடுகிற மண்டிக்காரர்கள் அன்று பூவுக்கு எண்ணாமல் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஆக, அன்று நாங்கள் விருந்தாளிகள் அல்ல, விழா வீட்டுக்காரர்கள். கல்யாண வீட்டுக்காரன் அன்றைக்குக் கடை திறந்து உட்கார முடியுமா? நம் கடையில் மூட்டை இறக்கும் அண்ணன்மார்கள்தான் பல்லக்குக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடப்பார்கள். பொட்டலம் மடிக்கிற பையன் தீவட்டிப் பக்கம் நிற்பான். அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு துவரம்பருப்பு நிறுக்கச் சொல்வதில் எங்களுக்கு விருப்பம் இல்லை.

இது மனசு சம்பந்தப்பட்ட காரணம். வேறு காரணங்களும் இருக்கின்றன. பஜார் தெரு எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் நீட்டியிருக்கும் படுதா, கொக்கியில் தொங்கும் துடைப்பம், பிளாஸ்டிக் குடம், படியில் அடுக்கிய எண்ணெய் டின் எல்லாவற்றையும் உள்ளே எடுத்தால்தான் பல்லக்கு உரசாமல் போகும். அதை எடுத்து வைக்கவே மதியமாகிவிடும். அப்புறம் வாணவேடிக்கை. கடைக்குள்ளே கற்பூரம், நல்லெண்ணெய், அட்டைப்பெட்டி, சாக்கு. ஒரு பொறி விழுந்தால் போதும். ஷட்டரை இறக்கி, வாசலில் இரண்டு வாளித் தண்ணீரும் மணலும் வைத்துவிட்டுத்தான் நாங்கள் தெருவில் இறங்குகிறோம். மதியத்துக்கு மேல் சரக்கு வண்டியும் உள்ளே வராது.

சில வருஷங்களில் சித்ரா பௌர்ணமி கத்திரி வெயிலில் வந்து மாட்டும். வெயிலூர் என்று சும்மாவா பேர் வாங்கினோம்! அந்த நாட்களில் பகலில் பஜாருக்கு வந்து அலையாதீர்கள். பல்லக்கு பார்க்க வருபவர்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, குழந்தைகளைச் சாயங்காலம் கொஞ்சம் தூங்கவைத்துவிட்டு, இரவில் வாருங்கள். வண்டியைக் கோட்டைப் பக்கமே விட்டுவிட்டு நடந்து வருவது நல்லது. வயதானவர்கள் உட்கார நம் கடைப் படி இருக்கிறது, குடிக்கத் தண்ணீரும் மோரும் உண்டு.

அடுத்தது மயானக் கொள்ளை. மாசியில் மகா சிவராத்திரிக்கு அடுத்து வரும் அமாவாசை. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் நம் வாடிக்கையாளர்களில் வெளி மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மனின் கபாலத்தை, மயானத்தில் உணவை இறைத்துக் கீழே இறங்க வைத்து, அங்காளம்மன் காலால் மிதித்து அடக்கினாள் என்பது கதை. தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை, சத்துவாச்சாரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் விருதம்பட்டு, கழிஞ்சூர் என்று பல இடங்களிலிருந்து அம்மன் ஊர்வலம் பாலாற்றங்கரைக்குப் போகும். காளி வேஷம் போட்டவர்கள் கூடவே ஆடி வருவார்கள். கொழுக்கட்டை, சுண்டல், பொரி, காய்கறி, காசு எல்லாம் சாமி மேல் வீசுவார்கள். விழுந்ததை எடுத்துக்கொண்டு போய் நிலத்தில் தூவினால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று கிராமத்துக்காரர்கள் நம்புகிறார்கள்.

இந்த விழாவுக்கு நம் கடையில் மூன்று நாள் முன்பிருந்தே கூட்டம். கொண்டைக்கடலையும் பொரியும் மூட்டை மூட்டையாகப் போகும். சில்லறைக் காசுக்குக் கடும் தட்டுப்பாடு. "ண்ணா, நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாயா குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல மனசு வராது, அதனால் அந்த மாதம் வருகிற நாணயங்களை நாங்கள் தனியாக டப்பாவில் போட்டு வைக்கிறோம். அன்று கூகுள் பேயில் பணம் அனுப்புங்கள், எங்களிடம் மீதிச் சில்லறை எதிர்பார்க்காதீர்கள். மதியத்துக்குமேல் பாலாற்றுப் பாலத்தைக் கடப்பது கஷ்டம். காட்பாடி, விருதம்பட்டு வீடுகளுக்குச் சாமான் டெலிவரி அன்று கிடையாது, முந்தைய நாளே அனுப்பிவிடுவோம். இதைத் தெரிந்துகொண்டு லிஸ்ட் கொடுத்தால் போதும்.

ரம்ஜான் மாதத்தில் நிலைமை தலைகீழ். அப்போது கடையைச் சீக்கிரம் மூடுவதில்லை, கூடுதலாகத் திறந்து வைக்கிறோம். பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா இருக்கும் ஊர் இது. பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்கு அண்டா ஏறும் நாட்களில் பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம் எங்கள் மண்டியிலேயே காலியாகும். பகல் முழுக்கக் காற்றாடும் தெரு, இரவு தராவீஹ் என்னும் ரம்ஜான் சிறப்புத் தொழுகை முடிந்ததும் நிறைந்துவிடும். துணிக்கடை, செருப்புக்கடை, வளையல்கடை எல்லாம் இரவு நெடுநேரம் திறந்திருக்கும். நாமும் திறந்திருப்போம். சேமியா, முந்திரி, திராட்சை, பேரீச்சம்பழம் வாங்குகிற பாய்மார்களும் அக்காமார்களும் கடைசி மூன்று நாளில் வந்தால் நிற்க இடம் இருக்காது, இருபதாம் நோன்புக்குள் வாங்கிவிடுங்கள். நோன்பு நேரம் முடிகிற சமயம் கல்லாவில் யாரும் இல்லாவிட்டால் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், நம் ஆட்களில் நோன்பு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜூலை 10 பற்றி யாரும் எங்களிடம் கேட்டதில்லை. ஆனாலும் எழுதுகிறோம், ஏனென்றால் அன்று காலை மக்கான் பக்கம் போக்குவரத்து ஏன் மெதுவாகிறது என்று தெரியாமல் ஹாரன் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1806-ஆம் ஆண்டு அதே தேதியில், விடிவதற்கு முன், கோட்டைக்குள் இருந்த நம் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று வந்த உத்தரவுகள் உடனடிக் காரணம். திப்பு சுல்தானின் குடும்பமும் அப்போது கோட்டையில்தான் காவலில் இருந்தது. கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேயத் தளபதி குதிரைப்படையோடு ஓடி வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 51 வருஷம் முன்னால் நடந்தது இது. மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூணுக்கு வருஷா வருஷம் மாலை வைக்கிறார்கள். அரசு விழா என்றால் ஷாமியானாவும் மைக்கும்தான் என்று நினைக்காமல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்து வந்து அந்தத் தூணைக் காட்டுங்கள். அன்று கடை வழக்கம்போல் திறந்திருக்கும்.

லாங்கு பஜார் மணிக்கூண்டைச் சொல்லி வழி கேட்கிறவர்கள்தான் அதிகம், அதில் பதித்த கல்லைப் படித்தவர்கள் குறைவு. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

ஜலகண்டேசுவரர் கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். அதில் சாமி இல்லாத கோயில் என்ற பேச்சு 1981 மார்ச் மாதம் முடிந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை ஊரார் கொண்டுவந்து மறுபடி கோட்டைக்குள் வைத்தார்கள். எங்கள் கடையில் பூஜைச் சாமானுக்கென்று தனி அலமாரி வந்ததே அதற்குப் பிறகுதான். இப்போது பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வில்வமும் அபிஷேகப் பொடியும் மஞ்சளும் கேட்டு மாலை 3 மணியிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். அந்த நாட்களில் 3 மணி முதல் 6 மணி வரை மளிகை லிஸ்ட் எடுக்க மாட்டோம். கோயிலுக்கு ஓடுகிறவர்களை முதலில் அனுப்பிவிடுகிறோம், நீங்கள் தவறாக நினைக்க வேண்டாம். (தண்ணீர் இல்லாத ஆறு என்ற பேச்சும் 2021 நவம்பர் வெள்ளத்தில் கொஞ்ச நாளைக்கு வாயடைத்துப் போனது.)

மற்றவை சுருக்கமாக. பொங்கலுக்குப் பிறகு கிராமங்களில் எருது விடும் விழா தொடங்கிவிடும், நம் பையன்களில் பாதிப் பேர் எந்த ஊரில் எந்த மாடு ஓடுகிறது என்று அந்தப் பக்கம் போய்விடுவார்கள். தை மாதம் டெலிவரி ஒரு நாள் தாமதமாகலாம். வைகாசி 1 குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அன்று கடைக்கு முழு விடுமுறை. எங்கள் கணக்குப்பிள்ளை குடியாத்தத்துக்காரர், அவர் இல்லாமல் கல்லாவைத் திறந்து பயன் இல்லை. விநாயகர் சதுர்த்திச் சிலைகள் சதுப்பேரி ஏரிக்குக் கரைக்கப் போகிற நாளில் மாலை 4 மணிக்கு மூடுவோம். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் தெருவிலேயே குவியும், பூசணிக்காய் மட்டும் தயவுசெய்து தெரு நடுவில் உடைக்காதீர்கள், இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். கார்த்திகைக் கடை ஞாயிற்றுக்கு விரிஞ்சிபுரம் போகிறவர்களுக்கான பூஜைச் சாமான் பை சனிக்கிழமை காலையிலேயே கட்டித் தயாராக இருக்கும்.

காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜுகளில் தங்கிச் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளத்துக்காரர்கள், ஜார்க்கண்டுக்காரர்கள் நம்மிடம் கடுகெண்ணெயும் புழுங்கல் அரிசியும் வாங்குகிறார்கள். அவர்களுக்கு நம் விழா நாள் எதுவும் தெரியாது, ஊர்வலம் பார்த்தால் மிரண்டுபோய் ஓரமாக நிற்பார்கள். நோயாளியோடு வந்த குடும்பத்துக்குச் சமையல் சாமான் நின்றுவிடக் கூடாது என்பதால், கடை மூடியிருக்கும் நாட்களிலும் பக்கத்துச் சந்துக் கதவில் காலை 7 மணி முதல் 9 மணி வரை அரிசி, எண்ணெய், பால் பவுடர், உப்பு மட்டும் கொடுக்கிறோம். உங்கள் பக்கத்து வீட்டில், லாட்ஜில் அப்படி யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். மற்றவர்கள் அந்தக் கதவைத் தட்ட வேண்டாம்!

கடைசியாக விலை. விழா வாரத்தில் எலுமிச்சை, பூ, பூசணி, வாழைப்பழம் விலை ஏறுவது மண்டியில் ஏறுவதால். அதில் எங்கள் கை ஒன்றும் இல்லை. ஆனால் பருப்பு, வெல்லம், கற்பூரம், எண்ணெய் ஆகியவற்றுக்கு விழா நாள் விலை என்று தனி விலை நம் கடையில் கிடையாது. பத்து நாள் முன்பே லிஸ்ட் கொடுத்தால் கொடுத்த அன்றைய விலையிலேயே எடுத்து வைத்துவிடுவோம். லிஸ்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அல்லது கல்லாவில் கட்டித் தொங்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம். எழுதும்போது வெல்லம் என்று மட்டும் போடாமல் அச்சு வெல்லமா, உருண்டையா, பாகு வெல்லமா என்று குறிப்பிடுங்கள். பிரித்துக் கொடுத்த வெல்லத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள் சித்திரைக்கு முன் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டால் புது நோட்டு போட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மளிகை, பூஜைச் சாமான் கடைக்காரர்,
லாங்கு பஜார், வேலூர்