மூன்று பென்னிக்கா இத்தனை சண்டை என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிருக்குப் பழகிவிட்டீர்களா?

பாஸ்டன் துறைமுகத்தில், பிரிட்டிஷ் வரியை எதிர்த்து அமெரிக்கக் குடியேறிகள் தேயிலையைக் கடலில் கொட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு வந்து போனில் கேட்டாயே, "ஒரு பவுண்டு தேயிலைக்கு மூன்று பென்னி வரி. அதுக்காப்பா இவ்வளவு சண்டை?" என்று. அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றதால் சரியாகச் சொல்ல முடியவில்லை. 32 வருஷம் விற்பனை வரி ஆபீசில் இருந்தவன் இதற்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வராது.

1773இல், அமெரிக்கா இன்னும் பிரிட்டன் கையில் இருந்தபோது, அங்கிருந்தவர்களுக்குத் தேயிலை விலை ஏறவில்லையம்மா, இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் தத்தளித்தது. லண்டன் கிடங்குகளில் தேயிலை தேங்கிக் கிடந்தது. கம்பெனியைத் தூக்கிவிட, அது நேராக அமெரிக்காவில் சரக்கு இறக்கி மலிவாக விற்கலாம் என்று லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆனால் அந்த 3 பென்னியை மட்டும் விடவில்லை. இதே கம்பெனி வங்காளத்தில் நடந்துகொண்ட விதத்தையும் அங்கே பஞ்சத்தில் மக்கள் மடிந்ததையும் சொல்லி, அடுத்து அமெரிக்காவின் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறார்கள் என்று அங்கிருந்த வக்கீல் ஜான் டிக்கின்சன் அந்த வருஷமே பிலடெல்பியாக்காரர்களை எச்சரித்தார்.

அந்த 3 பென்னியை ஏன் விடவில்லை? 1767இல் கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் வரி போட்டபோதே, அந்தப் பணத்தில் ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுப்பதென்று திட்டம். அதுவரை மாசசூசெட்ஸில் ஆளுநர் சம்பளத்தை உள்ளூர்ச் சபைதான் வருஷாவருஷம் ஒதுக்கியது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியும். யார் கையிலிருந்து பணம் வருகிறதோ அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஃபைல் நகரும். 1772இல் நீதிபதிகளுக்கும் லண்டன்தான் சம்பளம் தரப்போகிறது என்று தெரிந்ததும், உள்ளூர்த் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் சொல்லி பாஸ்டன் ஊர்க்கூட்டம் ஒரு கடிதக் குழு அமைத்தது. அந்தக் கடிதங்கள் ஊர் ஊராகப் போய், தனித்தனியாகப் புழுங்கிக்கொண்டிருந்தவர்களை ஒன்றாகப் பேச வைத்தன.

அவர்கள் வரியே கட்டமாட்டேன் என்றவர்கள் இல்லை. தங்கள் சபை போட்ட வரியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். லண்டன் நாடாளுமன்றத்துக்கு அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. என் ஆபீசில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் 40 ரூபாய் அபராதத்துக்காக மூன்று மாதம் அலைந்தார். அந்தத் தொகை அவருக்கு ஒன்றுமே இல்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்காம எப்படி சார் போட்டீங்க?" என்பதுதான் அவர் கேள்வி. நான் பதில் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போகச் சொன்னேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

வரி வசூலித்த சுங்க அதிகாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்குள்ளும் புகுந்து தேடலாம் என்ற பொது உத்தரவு அவர்கள் கையில் இருந்தது. 1761லேயே ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வக்கீல் அதை எதிர்த்து பாஸ்டன் கோர்ட்டில் வாதாடினார். பிடிபட்ட சரக்கில் பிடித்த அதிகாரிக்கும் பங்கு உண்டு. வழக்கு நடந்தது ஜூரி இல்லாத கோர்ட்டில். பிடிப்பவனுக்கே பங்கு என்றால் எந்த மூட்டையைப் பார்த்தாலும் கள்ளச் சரக்காகத்தானே தெரியும்?

அதற்காக எல்லாவற்றையும் நான் சரி என்று சொல்லமாட்டேன். 1765இல் பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வரி வந்தபோது, ஆகஸ்டில் பாஸ்டனில் ஒரு கூட்டம் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டை ஒரே ராத்திரியில் சூறையாடியது. அந்த வரி வேண்டாம் என்று உள்ளுக்குள் நினைத்தவர்தான் அவரும். அடுத்த வருஷம் லண்டன் அந்த வரியை ரத்து செய்தது. அதே நாளில், எந்த விஷயத்திலும் உங்களுக்குச் சட்டம் போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் எழுதி வைத்தது. அதுபோல, லண்டனுக்கு அடிமைகளாக மாட்டோம் என்று முழங்கிய பாஸ்டனிலேயே, 1773 ஜனவரியில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் விமோசனம் கேட்டு ஆளுநருக்கும் சபைக்கும் மனு கொடுத்தார்கள். அவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அதையும் மறக்காமல் படி.

1770 பிப்ரவரி 22இல், வரியை எதிர்த்து வாங்கக் கூடாது என்று ஊர் ஒதுக்கிய இங்கிலாந்துச் சரக்கை விற்ற ஒரு பாஸ்டன் கடை முன்னால் பையன்கள் கூடிக் கத்தினார்கள். சுங்கத்துக்குத் துப்புக் கொடுக்கும் ரிச்சர்ட்சன் என்பவன் தன் வீட்டு ஜன்னலிலிருந்து சுட்டான். கிறிஸ்டோபர் சைடர் என்ற பையன் செத்தான். 11 வயசு இருக்கும். சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அடுத்த 11ஆம் நாள், மார்ச் 5இல், பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு 5 பேர் செத்தார்கள். அதே மார்ச் 5இல்தான் லண்டனில் பிரதமர் நார்த், தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டவுன்ஷெண்ட் வரிகளை எடுத்துவிடலாம் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். கடல் தாண்டிச் செய்தி போக வாரக்கணக்கில் ஆகும் காலம்.

ட்ரெமான்ட் தெருவில் கிரானரி இடுகாடு இருக்கிறது. அந்த 5 பேரோடு அந்தப் பையனையும் அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. போனில் வேண்டாம், எழுது.

அன்புடன்,
அப்பா