முசேவுக்கு அருவி வேண்டாம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு ராத்திரி

அடியே மாலா,

நீ அனுப்புற மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரலைக் காட்டிட்டுக் கமுக்கமா இருக்கேன்னு திட்டியிருக்கே. திட்டிக்கோ. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதில் நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம், முசேவைத் தவிர. முசேவுக்கு வால் போயிடுச்சு.

போட்டோ அனுப்பினேனே, கண்ணுக்கு மேல முள்ளு முள்ளா நிக்குமே, அந்தப் பல்லிதான். கொழுந்தன் பிரான்ஸுல லியோன் ஊருக்குப் போறப்ப கண்ணாடிப் பெட்டியோட நம்ம தலையில கட்டிட்டுப் போனது. க்ரெஸ்டட் கெக்கோ. பூர்வீகம் நியூ கலிடோனியா. 1853லேர்ந்து பிரெஞ்சுக்காரன் கையில இருக்கிற தீவு, அதான் பேரு முசே, பிரெஞ்சுல 'ஐயா'ன்னு அர்த்தம். அழிஞ்சே போச்சுன்னு கைவிட்டு, 1994ல திரும்பக் கண்டுபிடிச்ச இனம்டீ, லேசா நினைக்காதே. மாமியார் மட்டும் 'சொல்தா'ங்கிறாங்க, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை இங்க அப்படித்தான் சொல்வாங்க. பகல் பூரா தூக்கம், வேளாவேளைக்குச் சாப்பாடு, அப்படியே பென்ஷன் வாங்குற பெரிய மாமாவாம்.

விஷயத்துக்கு வர்றேன். ஏதோ வீடியோவுல பெட்டிக்குள்ள அருவி கொட்டுறதைப் பார்த்ததுலேர்ந்து இவருக்குக் கை அரிப்பு. பொங்கல் லீவுல சண்டே மார்க்கெட் போய் ஒரு குட்டி மோட்டார், மீன் தொட்டிக் கடையில ட்யூப். தெர்மோகோலைச் செதுக்கி சிமெண்ட் பூசிப் பாறை. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, அதுல பொய் சொல்ல மாட்டேன். பையன் 'குற்றாலம்'னு பேரே வச்சுட்டான்.

கேட்டா, வெயில் வருது, தண்ணி ஓடினா அதுக்குக் குளுகுளுன்னு இருக்கும்கிறார். 22லேர்ந்து 26 டிகிரி வரைக்கும்தான் அதுக்குச் சுகம், 28ஐத் தாண்டினா திணற ஆரம்பிச்சுடும், வாஸ்தவம். ஆனா நீயே சொல்லு, நம்ம ஊர்ல ஏர் கூலர் வாங்கி உருப்பட்டவங்க யாரு? உங்க வீட்டுக் கூலர் மேல கடைசில துணிதானே காய்ஞ்சுது? தண்ணி ஆவியாப் போனாத்தானே குளிர்ச்சி. இங்க காத்தே நசநசன்னு ஊறிக் கிடக்கு, இதுல எது ஆவியாகும்? பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கிற ஈரப்பத மீட்டர் 90 சதவீதத்துலயே உக்காந்துடுச்சு. மோட்டார் சூடு வேற தண்ணில இறங்குது. ராத்திரி தெளிச்சா 80 வரைக்கும் ஏறட்டும், பகல்ல 50, 60க்கு இறங்கிக் காயணும். ஓயாம ஈரமா இருந்தா பூஞ்சை, தோல் வியாதி, மூச்சுத் தொந்தரவு.

இதுல கூத்து என்னன்னா, அது அருவில வாய் வச்சுக் குடிக்கிற ரகமே இல்ல. நீ பார்க்கணும்டீ. விளக்கை அணைச்சப்புறம் மணிப்ளாண்ட் இலைப் பக்கம் மெதுவா வரும். நுனில தொங்குற சொட்டை, தலையைச் சாய்ச்சு, ரோஸ் கலர் நாக்கை நீட்டி நக்கும். அப்புறம் அதே நாக்கால கண்ணை ஒரு துடை. மூடித் திறக்கிற இமையே கிடையாது, வேற என்ன பண்ணும் பாவம். குற்றாலத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கலை. எச்சம் போட மட்டும் வந்துச்சு. அந்தத் தண்ணியையே மோட்டார் சுத்திச் சுத்தி மேல ஏத்தி, பாறையெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு. தீனிக்கு விட்ட சில்வண்டு செத்து மிதந்துச்சு.

போன வாரம் கரண்ட் போயிட்டு வந்தப்ப, தண்ணி குறைஞ்சிருந்த மோட்டார் காத்தை இழுத்துக் கடகடன்னு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா வால் தனியா விழுந்து துள்ளுது, முசே கண்ணாடி மூலையில அப்பிக்கிட்டு இருக்கு. மாமியார், 'சுவத்துப் பல்லிக்கு முளைக்கலையா, முளைச்சுடும்'னு தினம் காலைல எட்டி எட்டிப் பார்க்கிறாங்க. இந்த ஜாதிக்கு முளைக்காதுடீ. போனா போனதுதான். வால் இல்லாமலே நல்லா இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார், பையனும் தேறிட்டான். எனக்குத்தான் ஆறலை.

மோட்டாரைப் பிடுங்கிட்டேன். இவருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. இன்னமும் 'ஒரு ஃபில்டர் வச்சா சரியாப் போயிடும்'ங்கிறார். ஃபில்டர் வச்சு எந்தத் தண்ணிய ஓட்டுறதாம்? போர் தண்ணில உப்பு ஏறிக்கிட்டே போகுது, கடல் அடியால உள்ள வருது. தெறிச்ச இடமெல்லாம் கண்ணாடில வெள்ளைக் கறை. அதுக்கு மனுஷன் கேன் தண்ணியத் திறந்து ஊத்தினார் மாலா. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப 46 செ.மீ.க்கு மேல கொட்டி, வாசப்படி தாண்டித் தண்ணி வந்துச்சே, அன்னிக்குக் குடிக்க ஒரு சொம்பு இல்லாம மாடியில உக்காந்திருந்தோம். பையன் தண்ணி கேட்டது இன்னும் காதுல இருக்கு. அதே வீட்டுல கேன் தண்ணில அருவி. சத்தியமாச் சொல்றேன், வால் போனதைவிட எனக்கு இதுதான் பொறுக்கலை. அவர்கிட்ட இதை இன்னும் சொல்லலை, சண்டையாத்தான் முடியும்.

இப்ப பெட்டிய நான்தான் அடுக்கியிருக்கேன். அடியில செடிக்கடையில விக்கிற களிமண் உருண்டை, அது மேல கொசுவலைத் துண்டு, அது மேல தேங்காய்நார்த் தூள். தெளிக்கிறது வடிஞ்சு கீழ தங்கிக்கும், மேல சொதசொதன்னு ஆகாது. ஆழமில்லாத தட்டுல கூழாங்கல் போட்டுத் தண்ணி, தினம் மாத்திடுவேன். சாயங்காலம் ஸ்ப்ரேயர்ல ஒரு டம்ளர் கேன் தண்ணி, அவ்வளவுதான் செலவு. மே மாசம் வந்தா ஏசி ரூம்தான், அதுக்கு வேற வழியில்ல. கரண்ட் பில் வந்தா லியோனுக்கு அனுப்பிடுவேன்.

குற்றாலம் மொட்டைமாடிக்குப் போகுதாம். போகட்டும், காக்கா குளிக்கும்.

மாசிமகத்துக்கு வர்றே இல்ல? வைத்திக்குப்பம் கூட்டத்துல உன்னைத் தொலைக்காம பார்த்துக்கிறது என் பொறுப்பு. வரும்போது கோயம்புத்தூர்ல பனி மாதிரித் தெளிக்கிற நாசில் கிடைச்சா வாங்கிட்டு வா. இங்க வாங்கினது பீச்சியடிக்குது, முசே தெறிச்சு ஓடுது.

உன்
சுமதி