ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடினால் போதுமா?

ஐயா,

ஸ்மார்ட் போர்டு வந்த வகுப்புகள் பலவற்றில் பிள்ளைகள் வெறும் பார்வையாளர்கள்தான். பாடநூலில் உள்ள கியூஆர் கோடும் வீடியோ பார்க்கத்தான் பயன்படுகிறது. பயறு முளைப்பதை அவர்களே படம் படமாக எடுத்து வீடியோ ஆக்கட்டுமே!

முதல் நாள் இரவே ஊறவைத்த பச்சைப்பயறு நான்கு, ஈரப்பஞ்சு, தட்டு. இரண்டு செங்கலுக்கு நடுவே, சார்ஜரோடு ஒரு பழைய செல்போன். டைமர் செயலியில் அரை மணிக்கு ஒரு படம் என்றால் இரண்டு நாளில் 96 படம். நொடிக்கு 12 வீதம் ஓட்டினால், எட்டே நொடியில் முளை கிளம்பிவிடும்.

கெடுவது வெளிச்சத்தில்தான். ஜன்னல் திறந்திருந்தால் வெயில் ஏற இறங்கப் படம் மினுக்கும். ஜன்னலைச் சாத்தி ஒரே பல்பை விடாமல் எரியவிட வேண்டும். ஃபோகஸைப் பூட்டாவிட்டால் பயறு மங்கும். பஞ்சு காய்ந்தால் தட்டை அசைக்காமல் சொட்டுச் சொட்டாக நீர் விடலாம்.

ஆசிரியரின் சொந்த செல்போனை இரண்டு நாள் கேட்பது நியாயமில்லை. பள்ளிக்கொரு பழைய போன் ஒதுக்கலாமே.

– அறிவியல் ஆசிரியர்கள் சிலர், திருவாரூர்