தோட்டத்தை மட்டும் காட்டினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், டஞ்சனெஸ் என்ற இடத்தில், திரைப்பட இயக்குநரும் ஓவியருமான டெரெக் ஜார்மன் வளர்த்த தோட்டத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அணுமின் நிலையத்துக்கு அருகே, வெறும் கூழாங்கல் பரப்பில், வேலிகூட இல்லாமல் அத்தோட்டம் தழைத்ததைக் கட்டுரையாளர் சுவைபடவே எழுதியிருக்கிறார். ஆனால் ஜார்மன் தன்பாலீர்ப்பாளர் என்பதையும், தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1986 டிசம்பரில் அறிந்த பின்னரே அத்தோட்டத்தை உருவாக்கினார் என்பதையும் ஓரிடத்திலும் சொல்லாமல், 'உடல்நலக் குறைவு' என்று மட்டும் எழுதிக் கடந்துவிட்டார்.

ஜார்மன் இவற்றை மறைத்தவர் அல்லர். உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'த் தடை விதித்த, பிரிட்டனின் உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு 1988இல் சட்டமானபோது அதை வெளிப்படையாக எதிர்த்தவர். அவரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

காட்டு ரோஜா ஒன்றை நட்டு, அதற்கு முட்டாகக் கடல் ஒதுக்கிய மரக்கட்டையை ஊன்றி, துளை விழுந்த கற்களைக் கோத்த மாலையை அதில் தொங்கவிட்டதில்தான் தோட்டம் தொடங்கியது. கல்லைத் தோண்டி, எருவிட்டு, உப்புக்காற்றில் எது பிழைக்கும் என்று பார்த்துப் பார்த்து நட்டவர், அடுத்த வசந்தத்தைத் தாம் காண்போமா என்று அறியாதவர். பார்வை மங்கிய பிறகு 1993இல் அவர் எடுத்த 'புளூ' படத்தில் 79 நிமிடங்களும் திரையில் நீல நிறம் மட்டுமே இருக்கும். மற்றதெல்லாம் குரலும் ஓசையும்தான். மறு ஆண்டு பிப்ரவரியில், 52 வயதில் காலமானார். தோட்டம் நோயைத் தீர்க்கவில்லை. புண் ஆறுவதையும் மனம் ஆறுவதையும் ஒரே சொல்லால் சொல்கிற நமக்கு, இவற்றில் எது அவருக்குக் கிடைத்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டதும் அதே 1986இல்தான். அடுத்த சில ஆண்டுகளில் நான் செவிலியராக இருந்த மருத்துவமனையில், அந்நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துக் காலால் உள்ளே தள்ளுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நானும் பேசாமல் நின்றிருக்கிறேன். அங்கிருந்த இளைஞர் ஒருவர் பால் கவரில் மண் நிரப்பி ஜன்னலோரம் துளசி வளர்த்தார். அவர் யாரை நேசித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு அவரால் சொல்லியிருக்க முடியாது. அவர் போன மறுநாள் படுக்கை விரிப்போடு அந்தத் துளசியையும் சேர்த்து எரித்தார்கள்.

இன்னொன்று: ஜார்மனுக்குப் பின், 2018இல் தாம் இறக்கும் வரை அந்த வீட்டையும் தோட்டத்தையும் காத்துவந்த கீத் காலின்ஸைக் கட்டுரை 'பராமரிப்பாளர்' என்கிறது. அவர் ஜார்மனின் துணைவர். அந்த ஒரு சொல்லையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.