எங்கள் ஊர் ரேஷன் அட்டைப் பட்டியலை வீடு வீடாகத் தணிக்கை செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
நியாயவிலைக் கடையின் குடும்ப அட்டைதாரர்கள்
(ஊர், கடை எண், கையெழுத்துகள் இணைப்பில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: முன்னுரிமை, அந்தியோதயா (மிகவும் வறிய குடும்பங்களுக்கான) அட்டைப் பட்டியலைச் சமூகத் தணிக்கை (ஊர் மக்களும் சேர்ந்து சரிபார்ப்பது) செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ரேஷன் கடைக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். மூட்டையை எண்ணுகிறார்கள், தராசைப் பார்க்கிறார்கள், மெஷின் காட்டும் இருப்பும் கடையில் உள்ள இருப்பும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறார்கள். அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் எந்த வீட்டுக்கு எந்த அட்டை, அது சரிதானா என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர் எல்லோருக்கும் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அதனாலேயே அட்டையில் அச்சாகியிருக்கும் எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்த பிறகு கணக்கே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. பி.எச்.எச்., அதாவது முன்னுரிமை அட்டை என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஏழு பேர் இருந்தால் 35 கிலோ. அதே ஏழு பேர் என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற) அட்டையில் இருந்தால் 20 கிலோவோடு சரி. அந்தியோதயா என்றால் ஒற்றை ஆளானாலும் 35 கிலோ.

எங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம். மாமியார், கணவன், மனைவி, நாலு பிள்ளைகள். அட்டை முன்னுரிமையற்றது. கடையில் கேட்டால் "மெஷின்ல அப்படித்தான் வருது" என்கிறார்கள். தாலுகா ஆபீசில் கேட்டால் "மேலே இருந்து வந்த லிஸ்ட்" என்கிறார்கள். நாலு வீடு தள்ளி, வாசலில் கார் நிற்கும், ஏ.சி. ஓடும் வீட்டில் பி.எச்.எச். அட்டை. சொந்தக் கார், ஏ.சி., 5 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்களும் வருமான வரி கட்டுபவர்களும் முன்னுரிமைப் பட்டியலில் வரமாட்டார்கள் என்று 2017இல் அரசே விதி வெளியிட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. அவர் கேட்டு வாங்கிய அட்டையும் அல்ல அது. தன் அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதே நாங்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் பெயர் இன்னும் மகன் அட்டையில் இருக்கிறது. மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அட்டையும் அங்கேயே. தனி அட்டை கேட்டால், முதலில் பழைய அட்டையில் பெயரை நீக்கிவிட்டு வரச் சொல்கிறார்கள். நீக்கிவிட்டால் புது அட்டை வரும்வரை பாட்டி அரிசிக்கு எங்கே போவார்? இன்னொரு அட்டையில், இறந்து மூன்று வருடமான தாத்தாவின் பெயர் இருக்கிறது, மூன்று வயதுப் பேரனின் பெயர் இல்லை.

இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமுக்கும் போயிருக்கிறோம். முகாமில் ஒவ்வொரு அட்டையாகத்தான் பார்ப்பார்கள். பிழை பட்டியலில் இருக்கும்போது அது போதவில்லை.

நாங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. தகுதியுள்ள குடும்பங்களின் பட்டியலைப் பொதுவில் வைக்க தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், பதிவேடுகளை யாரும் பார்க்கத் திறந்து வைக்க 27ஆம் பிரிவும், அவ்வப்போது சமூகத் தணிக்கை நடத்த 28ஆம் பிரிவும் சொல்கின்றன. பட்டியலை அட்டை வகையோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஆதார் எண்ணும் போன் எண்ணும் அதில் வேண்டாம். அப்புறம், வழங்கல் துறையைச் சேராத ஒருவர் தலைமையில், ஊர் மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேரையும் சேர்த்து வீடு வீடாகச் சரிபார்க்கட்டும். கண்டதை அடுத்த கிராம சபையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தணிக்கை என்றாலே பெயரை அடிப்பது என்று ஆகிவிடக் கூடாது. அட்டையில் உள்ள எல்லோரும் ரேகை வைக்க வேண்டும் என்று சொன்னபோது, செங்கல் சூளையில் விரல் தேய்ந்தவர்கள் கடைக்கும் வீட்டுக்கும் நாலு முறை நடந்தார்கள். ரேகை விழவில்லை என்பதற்காக ஆளே இல்லை என்று எழுதிவிட முடியாது. யாரையாவது நீக்குவதாக இருந்தாலும், வகை மாற்றுவதாக இருந்தாலும், காரணத்தை எழுதிக் கொடுத்து, பதில் சொல்ல 30 நாளாவது தர வேண்டும். விடுபட்டவர்களைச் சேர்க்கும் வேலையும் அதே சுற்றில் நடக்க வேண்டும்.

தவறு இருப்பதாக எங்களுக்குத் தெரிந்த அட்டைகளின் விவரம், உரியவர்கள் சம்மதத்தோடு, இணைப்பில் உள்ளது. ஆய்வுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பிறகோ வந்தால் நல்லது. நடுப்பகலில் எல்லோரும் வயலிலோ சூளையிலோ இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடும்ப அட்டைதாரர்கள்

நகல்: மாவட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்