பாலைவன வைத்தியம் பினாங்குக் கோழிக்கு ஆகாது

பட்டர்வொர்த், நிபோங் திபால், தீவுப் பக்கம் பாலிக் பூலாவ் என்று எங்கெங்கோ வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

வெயில் ஏறியதிலிருந்து நம் ஆட்களிடம் ஒரே பேச்சு மிஸ்ட் குழாய்தான். அமெரிக்காவின் பாலைவன மாநிலமான அரிசோனாவில் யாரோ கூண்டைச் சுற்றிக் குழாய் கட்டிப் புகை மாதிரி நீர் தூவுகிறாராம், கோழிகள் சுகமாக நிற்கின்றனவாம். உடனே இங்கே ஆளாளுக்குக் கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள். காசைக் கொடுக்கும் முன் இதையும் கொஞ்சம் கேளுங்கள்.

அரிசோனாக்காரர் செய்வதில் தப்பே இல்லை. அவர் ஊருக்கு அது சரி. அங்குள்ள ஃபீனிக்ஸ் நகரில் 2023இல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் கொளுத்தியது. மலேசியாவில் பதிவான உச்சமே 1998இல் பெர்லிஸ் சுப்பிங்கில் வந்த 40.1தான். அப்படிப் பார்த்தால் நம் கோழிகள் கொடுத்துவைத்தவை என்று தோன்றும். ஆனால் அங்கே கோடைப் பகலில் காற்று காய்ந்து கிடக்கும். தூவிய நீர் தரையைத் தொடும் முன்பே ஆவியாகி, காற்றின் சூட்டை இழுத்துக்கொள்ளும். 40 டிகிரிச் சூடும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை இப்படி 21 டிகிரி வரை இறக்க முடியும். நம் ஊர்க் காற்றுக்கு 33 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு தூவினாலும் 28க்குக் கீழே போகாது. அதுவும் ஏட்டுக் கணக்குதான். காற்று அசையாத கூண்டில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

ஆவியாகாத நீர் எங்கே போகும்? கீழேதான். எங்கள் லோரோங்கில் (சந்தில்) ஒரு வீட்டில் பார்த்தேன். கூண்டில் போட்ட மரத்தூள் சகதியாகி, குனிந்தாலே அம்மோனியா கண்ணை எரித்தது. கோழிகள் நனைந்த இறகோடு அப்போதும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றன. ஈரத் தரையில் இரத்தக்கழிச்சல் நோய் சுலபமாகப் பரவும். தேங்கிய நீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் அபராதம் வேறு.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி பக்கம். வெயில் ஏறினால் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். கொண்டைக்கும் தாடிக்கும் இரத்தத்தை அனுப்பிச் சூட்டைக் கழிக்கும். அதுவும் போதாதபோதுதான் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தொண்டைத் தோல் படபடவென்று துடிப்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். மூச்சோடு தொண்டை ஈரம் ஆவியாகி வெளியே போனால்தான் உடம்பு ஆறும். சுற்றியுள்ள காற்றை நாமே தூவித் தூவி ஈரமாக்கினால், கடைசியாக இருக்கும் அந்த வழியையும் அடைத்த மாதிரிதான். இன்னொன்று: மூச்சு வாங்க வாங்க இரத்தத்தில் கரியமில வாயு குறையும், முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு சரியாகச் சேராது. வெயில் காலத்தில் முட்டை ஓடு மெலிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தீவனக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

“பெரிய பண்ணைகளில் நீர் வழியும் அட்டைத் தடுப்பு வைத்துக் குளிர வைக்கிறார்களே” என்று ஒருவர் மடக்கினார். வைக்கிறார்கள்தான். கூடவே கொட்டகையின் ஒரு முனையில் ஆள் உயரக் காற்றாடிகளை வரிசையாக வைத்து, மூடிய கொட்டகை முழுக்கக் காற்றை இழுக்கிறார்கள். அங்கே பாதி வேலையைச் செய்வது அந்த வேகக் காற்று. நாம் காற்றாடியை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்துக்கொண்டோம்!

சரி, அப்போது என்னதான் செய்வது? முதலில் கூரையைப் பாருங்கள். நம்மில் பாதிப் பேர் கூண்டுக்கு மேல் வெறும் தகரம். மதியம் மூன்று மணிக்கு உள்ளே தலையை விட்டுப் பாருங்கள், உச்சந்தலை காயும். தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு அத்தாப்போ (ஓலைக் கூரை) நிழல் வலையோ கட்டுங்கள். இடைவெளி முக்கியம், அதில்தான் காற்று ஓடும். சுவரென்று பலகை அடித்திருந்தால் இரண்டு பக்கமாவது கழற்றிக் கம்பி வலை போடுங்கள். மழைச்சாரலுக்குக் கூரையை நீட்டிவிட்டால் போதும். கம்போங் (கிராமத்து) வீடுகளைத் தூண் மேல் தூக்கிக் கட்டினார்களே, அதே போல் கூண்டையும் முட்டி உயரம் தூக்கினால் அடியிலும் காற்று போகும். ஒரு பழைய காற்றாடி, மிஸ்ட் குழாயைவிட எத்தனையோ மேல். ஒயரை மட்டும் கோழி கொத்தாத, மழை படாத இடத்தில் கொண்டுபோங்கள்.

தண்ணீர்ப் பாத்திரம் நிழலில் இருக்கட்டும். தண்ணீர் சூடானால் கோழி குறைவாகத்தான் குடிக்கும். மதியம் ஒருமுறை மாற்றுங்கள், ஐஸ்கட்டி போட்டாலும் நல்லதே. தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். தின்றது செரிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகும். வானிலை ஆய்வுத் துறை மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரி தொட்டால் முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கும். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம், 32க்கே இதையெல்லாம் தொடங்கிவிடுங்கள்.

கோழி சுருண்டு படுத்துவிட்டால் மட்டும் நீரைக் கையில் எடுக்கலாம். கால்களையும் வயிற்றையும் குளிர்ந்த நீரில் நனைத்து, காற்றாடி முன் வையுங்கள். ஐஸ் நீரில் முக்கிவிடாதீர்கள்.

குழாயை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். அதைக் கழற்றிக் கூரை மேல் கட்டுங்கள். வெயிலில் காயும் தகரம் சுற்றுக் காற்றைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும். அதன் மேல் விழும் நீர் நம் ஊர் ஈரத்திலும் சட்டென்று ஆவியாகும். வழியும் நீரை மட்டும் கூண்டுப் பக்கம் விடாமல் வாழை மரத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கோழி வளர்ப்பவன்