செக்குக்குப் போகும் முன்பே கடலையைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

உணவில் சேரும் நஞ்சுகளை ஆராயும் உணவு நச்சியல் ஆய்வுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த ஆய்வின் பலன் முதலில் வந்து சேர வேண்டிய இடம் நெற்களமும் கடலைக் களமும்தான். வேலூர், குடியாத்தம் பக்கம் ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை), ஐப்பசி மழையோடு மழையாகத்தான் களத்துக்கு வருகிறது. சரியாகக் காயாமல் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்த பிறகுதான், தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கு வழியாக இந்த நஞ்சே உலகுக்குத் தெரியவந்தது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கும். பிண்ணாக்கைத் தின்னும் பசுவின் பாலிலும் இறங்கும். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் நம் நாட்டில் அனுமதி.

செக்கெண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் ஒரு செக்கில், கறுத்துச் சுருங்கிய பருப்பைத் தனி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "எண்ணெய் ஆட்டத்தானே" என்றார்கள். அப்படிப்பட்ட பருப்பில் இந்த நஞ்சு இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஈரப்பதமானியும், உடனே முடிவு சொல்லும் நச்சுப் பரிசோதனைப் பட்டைகளும் வைத்து, அறுவடைக் காலத்தில் விவசாயிகளுக்கும் செக்கு வைத்திருப்பவர்களுக்கும் இலவசமாகச் சோதித்துத் தர வேளாண் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், காட்பாடி